முனியாண்டிக்குக் கெடா, அமெரிக்காவில் பங்கு

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தபோதுதான் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. எல்லோரும் கைப்பேசியில் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்களே, ஆட்டம், பாட்டு, சமையல், சண்டை என்று, அந்த மாதிரிக் கம்பெனிகளில் ஒன்று. அது இருந்தது அமெரிக்காவில். நாங்கள் இருந்தது மலேசியாவில், கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக் குவாட்டர்ஸில். அவர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி. நான் தோட்டம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்குத் தேநீரும் கேக்கும் விற்கும் கடையில் வேலை பார்த்தேன்.

குவாட்டர்ஸ் என்பது வேலை இருக்கும்வரைதான். வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். அதனால் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ஒரு வீடு பேசி வைத்திருந்தோம். சாப்பாட்டுக் கடை நடத்தும் பாய் ஒருவருடைய வீடு. கடைக்குப் பின் தெருவில், இரண்டு அறை, பின்னால் துணி காயப்போட சிமெண்டு தளம். பாயின் மகள் குடும்பம் அதில் குடியிருந்தது. வருடக் கடைசியில் அவர்கள் ஈப்போவுக்குப் போனதும் பணத்தைக் கொடுத்து எழுதிக்கொள்வதாகப் பேச்சு. "கிராணிக்குன்னு சொல்லிட்டேன், வேற ஆளுக்குப் பேச மாட்டேன்லா, தங்கச்சி" என்று பாய் என்னிடமே சொன்னார். எந்த மூலையில் அடுப்பு, எந்தப் பக்கம் அலமாரி என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இத்தனை வருட வாழ்க்கையில் எங்களுடையது என்று ஒரு கதவுகூடக் கிடையாது. அந்த வீடு எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

சேமநிதியிலிருந்து எடுத்த பணம் பேங்கில் சும்மா கிடந்தது. சும்மா கிடந்ததுதான் வினை.

திரிங்காப்பில் காய்கறி லாரி ஓட்டும் என் தம்பிதான் அவருடைய கைப்பேசியில் பங்கு வாங்கும் வழியைப் போட்டுக் கொடுத்தான். கோலாலம்பூரில் முட்டைக்கோஸை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் பசியாற நிற்பான். அப்போதெல்லாம் இருவருக்கும் இதே பேச்சு. 

"யோசிச்சுப் பாரு மாப்ள" என்றார் இவர். "நம்ம தோட்டத்துல போன் இல்லாத ஆள் இருக்கானா? நேப்பாள்காரன், பங்ளாகாரன், நம்மாளு, எல்லாம் செடிக்கு மருந்தடிச்சுட்டு வந்து உக்காந்தா இதைத்தான் தேய்க்கிறான். டூரிஸ்ட்டு தேயிலைக்குள்ள பூந்து ஆடுறது எதுக்கு? இதுல போடத்தான். உலகம் பூரா இப்படித்தானே? அப்ப அந்தக் கம்பெனிக்கு எவ்ளோ காசு வரும்!"

"அது சரி மச்சான். கொஞ்சமா போடுங்க" என்றான் தம்பி.

இவர் கொஞ்சமாகப் போடவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. போட்டுவிட்டு வந்து சொன்னார். வீட்டுப் பணம் மொத்தமும். 

"உங்களுக்கு மண்டை கிண்டை கொழம்பிருச்சா?" என்றேன். 

"வருசக் கடைசிக்குள்ள எடுத்துருவேன் புள்ள. வீட்டோட சேத்து உனக்கு ஒரு கேபினெட்டு அடுப்படியும் போட்டுத் தரேன்" என்றார். கேபினெட் அடுப்படியை அவர் எங்கே பார்த்தார் என்று எனக்குத் தெரியும். அதையும் அந்தக் கம்பெனி வீடியோவில்தான் பார்த்திருப்பார்.

பணம் போட்ட கையோடு தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போய், பங்கு ஏறினால் கெடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார். எங்கள் தோட்டத்தில் எதற்கும் முனியாண்டிதான். பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், லாரி வாங்கினாலும், கோர்ட்டுக் கேஸ் என்றாலும் அவரிடம்தான் சொல்லுவோம். அமெரிக்கப் பங்குக்கு வேண்டிக்கொண்ட முதல் ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

அங்கே சந்தை நடக்கும் நேரம் இங்கே நாங்கள் தூங்குகிற நேரம். காலையில் எழுந்து பார்த்தால் முடிவு வந்திருக்கும். குவாட்டர்ஸில் போன் லைன் சரியாகக் கிடைக்காது. ஆபீசுக்குப் போகும் வளைவில் மட்டும் நன்றாகக் கிடைக்கும். முதல் நாள் காலை அந்த வளைவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர், அங்கிருந்தே சத்தம் போட்டார். ஏறியிருந்தது. சும்மா இல்லை, எகிறியிருந்தது. மறுநாளும் ஏறியது. கம்பெனி முதலாளிகள் கைதட்டி, கட்டிப்பிடித்து, வண்ணக் காகிதம் பறக்கவிட்ட வீடியோவை அவர் எல்லோருக்கும் அனுப்பினார். 

ரிங்லெட்டில் பாய் கடை முழுக்க அதே பேச்சாம். வாழ்நாளில் ஒரு பங்கைக் கண்ணால் பார்க்காதவர்களெல்லாம் ரொட்டியைக் குருமாவில் தோய்த்துக்கொண்டே "இது இன்னும் மேல போவும்லா" என்றார்களாம். 

தம்பியும் கொஞ்சம் வாங்கியிருந்தான். முதல் வாரத்திலேயே விற்றுவிட்டான். "காய்கறி ஏத்துறவன் நான். வெல இருக்கறப்ப எறக்கிடணும், வச்சிருந்தா அழுகிடும்" என்றான். கிடைத்த லாபத்தில் லாரிக்கு டயர் மாற்றினான்.

"தேயிலை அழுகாது மாப்ள" என்று சிரித்தார் இவர். 

கெடா வெட்டுவதுதான் அடுத்த வேலை என்று ஆனது. நான் சொன்னேன், பலமுறை சொன்னேன். "ஏங்க, வித்துக் காசு கைக்கு வரட்டும். அப்புறம் வெட்டுங்க. சாமி எங்கயும் ஓடிடாது." 

"ஏறினா வெட்டுறேன்னு சொன்னேன். வித்தா வெட்டுறேன்னு சொல்லல. சாமிக்குக் கடன் வைக்கச் சொல்றியா?" 

கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். கிராணி இல்லையா!

ஞாயிற்றுக்கிழமை கெடா வெட்டி, மூன்று லயத்து வீடுகளுக்கும் சோறு போட்டார். தம்பியும் பெரிய அண்டாவைத் தூக்கி வைத்து ஓடியாடி வேலை செய்தான். கோயிலைச் சுற்றித் தேயிலைச் செடிக்கு நடுவே உட்கார்ந்து சனங்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் ஒவ்வொருவராக அவரிடம் வந்து, அது என்ன பங்கு, எப்படி வாங்குவது என்று கேட்டார்கள். கிராணி வாங்கியிருக்கிறார், சாமியும் கொடுத்திருக்கிறது, வேறென்ன வேண்டும்? பலபேர் வாங்கினார்கள். அவரே அவர்களுடைய கைப்பேசியில் போட்டுக் கொடுத்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. கறி நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் அவரால் விற்க முடியவில்லை. இதைத்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. விலை உச்சத்தில் இருந்த வாரத்தில் "இப்ப வித்துருங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டேன். 

"சோத்தப் போட்டுட்டு, அவுங்கள வாங்க வச்சிட்டு, நான் மட்டும் வித்துட்டுக் கெளம்புனா என்ன மனுசன்னு கேப்பாங்க? சாமி குடுத்தத மறுவாரமே சந்தையில வித்தா அந்தச் சாமிதான் சும்மா இருக்குமா?" 

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஏதோ அசிங்கமான காரியத்தைச் செய்யச் சொன்னதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

பிறகு கம்பெனியின் முதல் கணக்கு வெளியே வந்தது. நஷ்டம். புதிதாகச் சேருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். ஒரே ராத்திரியில் பாதி ஏற்றம் காணாமல் போயிற்று. கொஞ்ச நாள் கழித்து, கைதட்டிக் கட்டிப்பிடித்த அந்த முதலாளிகளே தங்கள் பங்கை விற்க ஆரம்பித்தார்கள். அவர்கள் யாருக்கும் கெடா வெட்டவில்லை போலும். விலை இவர் வாங்கிய இடத்துக்கும் கீழே போனது. அதற்கும் கீழே போனது. 

வளைவில் மோட்டாரை நிறுத்துவதை அவர் விடவில்லை. சத்தம் போடுவது மட்டும் நின்றது. கோயிலில் சாப்பிட்டவர்களில் சிலர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். சிலர் "ஏறும் கிராணி, ஏறும்" என்று அவருக்கே தைரியம் சொன்னார்கள். திட்டியவர்களைவிட இவர்களைக் கண்டுதான் அவர் ஒளிந்தார். 

எனக்கு என்ன ஆனது என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அழுகை வரவில்லை. சண்டை போடவும் தோன்றவில்லை. காலையில் எழுந்து சோறு வடித்தேன், கடைக்குப் போனேன், கேக் வெட்டித் தட்டில் வைத்தேன். சுற்றுலாப் பெண்கள் தேயிலைக்குள் நின்று ஆடிப் படம் எடுத்தார்கள். "அக்கா, கொஞ்சம் பிடிங்க" என்று போனை என் கையில் கொடுத்தார்கள். பிடித்தேன். யாருடைய வீட்டிலோ நடந்ததைக் கேள்விப்பட்டவள் மாதிரிதான் இருந்தேன். தம்பி வந்து "அக்கா, ஏதாவது பேசுக்கா" என்று தோளைப் பிடித்து உலுக்கினான். "ரொட்டி ஆறிப் போவுது, சாப்பிடு" என்றேன். மனசு மரத்துப் போவது என்று சொல்வார்களே, அது வலிக்காது. அதுதான் அதில் உள்ள கேடு. 

வருடக் கடைசியில் பாயின் மகள் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. பாய் ஆள் அனுப்பவில்லை, தானே வந்தார். குவாட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்றார். 

"இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கிறேன் கிராணி. அதுக்கு மேல என்னால ஆவாது. மகளுக்கு அங்க வீடு வாங்கப் பணம் வேணும்." 

"ரெண்டு மாசத்துல ஏறிடும் பாய்" என்றார் இவர். 

பாய் என்னைப் பார்த்தார். நான் வெளியே காயப்போட்டிருந்த துணியைப் பார்த்தேன். ரொம்ப நல்ல மனிதர். இரண்டு மாதம் என்று சொன்னவர் நான்கு மாதம் பொறுத்தார். 

கடைசியில் இவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "நீயே வித்துரு புள்ள. எனக்குக் கை வரல." வாங்கி அமுக்கினேன். வாழ்த்துகள், உங்கள் விற்பனை முடிந்தது என்று மலாய் மொழியில் வந்தது. மிஞ்சிய பணத்தில் வீடு வாங்க முடியாது. கொஞ்ச காலம் வாடகை கொடுக்கலாம். 

பாயின் வீட்டை வாங்கியது இங்கே பணிக்கு மாற்றலாகி வந்த ஒரு டீச்சர். எங்களைவிட ரொம்பச் சின்னப் பெண். அவருக்கு அரசாங்கக் குவாட்டர்ஸ் கிடைத்துவிட்டதால் வீட்டை வாடகைக்கு விடப் போவதாகப் பாய் சொன்னார். நாங்கள் வேறு இடமும் தேடினோம். கிடைத்ததெல்லாம் கடைமாடி அறைகள்தான். இவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. ஆக, அந்த வீட்டுக்கே குடி போனோம். 

"பாத்தியா, எப்படியோ இந்த வீட்டுக்குத்தான் வந்து சேந்தோம்" என்றார் இவர், சாமான் இறக்கும்போது. என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார், பாவம். நான் அடுப்பை நினைத்திருந்த மூலையில் வைத்தேன். அலமாரியை நினைத்திருந்த பக்கம் வைத்தேன். எல்லாம் சரியாகவே பொருந்தியது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம், ஓய்வு பெற்றபோது ஆபீசில் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மாட்டலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினார். முழங்கால் வலியோடுதான். சுவரில் ஆணியை வைத்து, சுத்தியலை ஓங்கியவர், அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். 

"கேட்டுரலாமா?" என்றார். 

டீச்சருக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, ஆணி மட்டும் வேணாங்க்கா. இப்பத்தான் பெயின்ட் அடிச்சது. பிளாஸ்டிக்ல ஒட்டுற கொக்கி கடையில விக்கிது, அதுல மாட்டிக்குங்க. கோவிச்சுக்காதீங்க." 

"சரிங்க டீச்சர்" என்றேன். 

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். பதிலைக் கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கினார். இறங்கியதும், ஆணியை வைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவி, கோடு ஏதும் விழுந்துவிட்டதா என்று பார்த்தார். 

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன்.