தீவு மடத்தின் கடைசி அத்தியாயம்

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். அடுத்த வீட்டில் நோர்வேயில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். ஒஸ்லோவுக்கு எதிரே ஒரு சிறு தீவில் இடிந்து கிடக்கும் மடத்தின் வரலாற்றைப் பல வருடங்களாகப் பென்சிலால் எழுதிவந்தார். பார்வை மங்கிவிட்டதால், அதைத் தட்டச்சு செய்து தரமுடியுமா என்று என்னிடம் கேட்டார்.

எண்ணூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த, சிஸ்டேர்சியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் கட்டிய மடம் அது. குளிரிலும் பனியிலும் அவர்கள் ஜெபித்து, உழைத்து வாழ்ந்த கதை என்னைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் அவருடைய சமையலறை மேசையில் இருந்துகொண்டு தட்டச்சு செய்வேன்.

மடம் எரிக்கப்பட்டதைச் சொல்லும் கடைசி அத்தியாயத்தை, மதிய இடைவேளையில் முடித்துவிடலாம் என்று அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அந்தப் பென்சில் தாள்களை டிராம் இருக்கையிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். தொலைந்த பொருட்களைச் சேர்த்துவைக்கும் இடத்தில் இரண்டு நாள் போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. வேறு பிரதியும் இல்லை.

என் கணவர், "நாளைக்கே போய் உண்மையைச் சொல்லும்" என்றார். எனக்குத் துணிவு வரவில்லை. நூலகத்தில் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, மிச்சத்தைக் கற்பனையில் நிரப்பி, நாலு பக்கம் நானே எழுதினேன். தீக்குள் அகப்பட்டுத் துறவிகள் இறந்ததாக உருக்கமாக வேறு எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை அதை அவர் எழுதியதென்றே அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்தத் தீயில் யாராவது இறந்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் எழுதியிருந்தேன்."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்ததா தெரியாது. முகத்தைத் திருப்பி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டுவந்தார். கண்தான் வேலை செய்யவில்லை, வாய் இருக்கிறது, புதுத் தாளைப் போடு என்றார்.

மூன்று சனிக்கிழமைகள் அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். மடத்தைக் கொள்ளையிட்டுக் கொளுத்தியது, அதன் கற்களைப் படகில் ஏற்றிப்போய் எதிர்க்கரைக் கோட்டையில் வைத்துக் கட்டியது எல்லாம் திரும்ப வந்தன. அவருக்கு ஞாபகம் வராத இரண்டு இடங்களை வெறுமையாகவே விடச் சொன்னார். என்னுடைய நாலு பக்கங்களைக் கிழிக்காமல் மடித்து என் கையிலேயே தந்தார்.

தட்டச்சுப் பிரதியை நோர்வேயில் அவருடைய ஊர் நூலகத்துக்கு நாங்கள் இருவரும் தபாலில் அனுப்பினோம். அதற்குப் பிறகு எத்தனையோ விஷயங்களில் தடுமாறியிருக்கிறேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அந்தச் சமையலறையின் அமைதி வந்து என்னை நிறுத்திவிடுகிறது.