மாமனாரும் வரகுச் சோறும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நாங்கள் அரியலூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். சாமான் விலை ஏறிக்கொண்டே போனது. சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. முதலில் காப்பியை நிறுத்தினேன். பிறகு எண்ணெய் தாளிப்புக்கு மட்டும் என்றானது. ரேஷன் அரிசி இரண்டு பேருக்கே வாரம் முழுக்க வராது. குன்னத்திலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய வரகுதான் மீதி நாட்களை ஓட்டியது.

அந்தச் சமயத்தில் தா.பழூரிலிருந்து மாமனார் வந்து இறங்கினார். நில வழக்கு விஷயமாக ஐந்து நாள் தங்குவதாகச் சொன்னார். அவர்கள் நெல் விளைவிக்கிற குடும்பம். 'புஞ்சைக் காட்டுப் பொண்ணு' என்று கல்யாணத்தின்போதே என்னைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்திருந்தது. அவர் இலையில் வரகை எப்படி வைப்பேன்?

"இருக்கிற அரிசிய அப்பாவுக்கே வடிச்சுடு. நாம பாத்துக்கலாம்" என்றார் கணவர்.

மூன்றாம் நாள் மத்தியானம், மாமனார் சாப்பிட்டுப் படுத்தபின் அடுக்களையில் வரகுச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா அது, வரகா?"

எச்சில் கையோடு எழுந்தேன். "உங்களுக்கு அரிசி இருக்குங்க மாமா. எனக்கு இதுதான் புடிக்கும்" என்று உளறினேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லாதம்மா. எங்க வூட்ல மட்டும் நெல்லு கொட்டியா கெடக்கு? வெளஞ்சதுல பெரும்பங்க சர்க்காரு அளந்துட்டுப் போயிட்டான். ரெண்டு மாசமா ராத்திரிக்குக் கேப்பங்கூழுதான். மருமவளுக்கு ஒரு படி அரிசி கொண்டாற முடியலியேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இனிமே மூணு பேருக்கும் ஒரே ஒலைதான். இப்ப அதுல கொஞ்சம் போடு, பாப்போம்" என்றார். சாப்பிட்டு முடித்தவர்தான், ஆனாலும் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணவரிடம் நடந்ததை வாசலிலேயே சொன்னேன். "அப்பாவா சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மாமனார் வந்த நாளிலிருந்து அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. அன்றைக்கு அதன் பக்கமே போகவில்லை. விளக்கு வைத்ததும் வரகைக் களைந்து, மூன்று பேருக்கும் சேர்த்து உலையில் போட்டேன்.