புகைக்குண்டும் அண்ணையின் மீசையும்

பருத்தித்துறையில் எங்கள் தெருவும் பின்தெருவும் கோயில் திருவிழாவில் போட்டிக்குப் புகைக்குண்டு விடும். மெல்லிய வண்ணத்தாள்களை ஒட்டிச் செய்யும் பெரிய பை அது. அடியில் தீப்பந்தம் கட்டுவோம். உள்ளே சூடான காற்று நிறைந்ததும் வானத்தில் ஏறிவிடும். அறுபதுகளில் ஒரு வருடம், எங்கள் குண்டு ஏறாவிட்டால் மீசையை எடுப்பதாக என் அண்ணை பின்தெரு ஓடாவியிடம் பந்தயம் பிடித்தார். ஓடாவி படகு கட்டுபவர்.

திருவிழாவுக்கு முதல்நாள் விட்டுப் பார்த்தபோது குண்டு முழங்கால் உயரத்துக்கே எழுந்தது. பாரம் அதிகம் என்று அண்ணை தீர்மானித்தார். நாலு தாள்களை எடுத்துவிட்டுக் குண்டைச் சிறிதாக்கினோம். திருவிழாவன்று அது தரையைவிட்டே அசையவில்லை.

மறுநாள் காலை சலூனில் மீசை போனது. ஓடாவி பக்கத்தில் நின்று பார்த்தார்.

“குண்டைச் சின்னனாக்கினது ஆரின்ரை மூளை?”

“என்ரைதான். பாரம் குறையுமெண்டு நினைச்சன்.”

“தாள் கொஞ்சம் குறைஞ்சுது, சூட்டுக்காத்து கனக்கக் குறைஞ்சுது. தூக்கிறது காத்தெல்லோ, அண்ணை. எட்டுத் தாள் கூட்டி ஒட்டுங்கோ.”

“இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா மீசை எப்பிடிப் போகும்?”

அன்று பின்னேரம் எட்டுத் தாள்களைக் கூட்டி ஒட்டினோம். ஓடாவியும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். குண்டு எங்கள் கைகளிலிருந்து விடுபட்டுக் கோபுரத்தைத் தாண்டிக் கடலின் மேல் போனது. அண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை மறைக்க அவருக்கு மீசை இருக்கவில்லை.