அப்பாவும் அம்மாவும் கப்பலில் பேசிக்கொண்டது

எனக்குப் பதினொரு வயது நடந்த வருஷம், மார்ச் மாதத்திலிருந்து மே வரை எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான் நடந்தது. நான் ஒரே பிள்ளை. வேறு ஆள் இல்லை.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா நாலடி தள்ளி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய், "அப்பா, சாப்பிட வரணுமாம்" என்று சொன்ன பிறகுதான் பேப்பரை மடிப்பார். "அஞ்சு நிமிஷம்னு சொல்லு" என்பார். அதையும் திரும்ப நாலடி நடந்து சொல்லவேண்டும். சில நாள் கோபம் வந்து, நடுவில் நின்றபடியே இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிச் சொல்லிவிடுவேன்.

காரணம் ஒரு கடிதம். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்தார். எங்களுக்குத் தெரியாமல் பெசன்ட் நகரில் ஒரு மனைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். மனை ஒதுக்கியாயிற்று என்று கடிதம் வந்தபோது அவர் ஆபீசில் இருந்தார். அம்மா பிரித்துப் படித்துவிட்டாள். அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கடிதத்தை நீட்டினாள்.

"இது எப்ப எழுதிப் போட்டது?"

"போன வருஷம் தவக்காலத்துல, ஈஸ்டருக்கு முன்னால."

"ஒரு வருஷமா என்கிட்ட சொல்லாமயா இருந்தீங்க?"

அப்பா செருப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அதற்கப்புறம் அம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அம்மா சாந்தோமில் பிறந்தவள். கல்யாணம் ஆகி இரண்டு தெரு தள்ளி வந்தவள். சர்ச்சில் காலைப் பூசைக்கு மணி அடித்த பிறகு புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாலும் அவளால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். மீன்காரி அவளுக்கென்று சங்கராவை ஒதுக்கி வைத்திருப்பாள். பெசன்ட் நகர் என்றால் அவளுக்கு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து மணலில் நடந்து போகவேண்டிய பொட்டல்.

இது நடப்பதற்கு முன்பே அப்பா எல்.டி.சி.க்கு எழுதிக் கொடுத்திருந்தார். சில வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர அரசாங்கம் தருகிற சலுகை அது. அவரோடு வேலை பார்த்தவர்கள் டில்லிக்கும் காஷ்மீருக்கும் போனார்கள். அப்பாவுக்கு அந்தமான் போகவேண்டும். ஊர் பார்ப்பதைவிடக் கப்பலில் ஏறவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. "கப்பல் வந்து நிக்கிற இடத்தைப் பதினஞ்சு வருஷமா வரைஞ்சுக்கிட்டிருக்கேன். ஒரு நாள் ஏறினதில்ல" என்பார்.

ஏப்ரலில் டிக்கெட் வந்தது. பயணம் நின்றுபோகும் என்றுதான் நினைத்தேன். அம்மா டிக்கெட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல லீவு சொல்லியாச்சுன்னா போகத்தானே வேணும்னு சொல்லு" என்றாள். அன்றைக்கே பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். புளிக்காய்ச்சல், முறுக்கு, இரண்டு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், ஒரு ஜெபமாலை, ஒரு டார்ச் லைட். நாலு நாள் கடல் பயணத்துக்கு அம்மா தயாராகிவிட்டாள்.

துறைமுகத்துக்கு டாக்ஸியில் போனோம். அப்பா முன் ஸீட்டில், நானும் அம்மாவும் பின்னால். மெரினா முழுக்க அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது. அவ்வளவு சந்தோஷம். அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லாமல் டிரைவரிடம் கப்பலின் நீளத்தைச் சொன்னார். "அப்டியா சார்? நம்ம தெருவே உள்ள பூந்துடும் போல கீதே!" என்று டிரைவர் வாயைப் பிளந்தார்.

எங்களுக்குக் கிடைத்தது சாதாரண வகுப்பு. கீழ்த்தளத்தில் பெரிய கூடம். ஒன்றின்மேல் ஒன்றாக இரும்புப் படுக்கைகள், கறுப்பு ரெக்ஸின் உறை போட்டவை. புதுப் பெயின்ட், டீசல், யாரோ உரித்த ஆரஞ்சுத் தோல் எல்லாம் கலந்த வாசனை. பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு அதற்கு மேலே இன்னொன்று. நடுவில் இரண்டு செங்குத்தான ஏணிப்படிகள்.

நாலடி நடந்த எனக்கு இப்போது நாற்பது படி.

"சோப்பு எங்க இருக்குன்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வா."

"பெட்டியில இடது பக்கம், துண்டுக்கு அடியிலன்னு சொல்லு."

"துண்டே இல்லையேன்னு கேளு."

முதல் நாள் மட்டும் இப்படி எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று தெரியவில்லை. எங்களுக்கு அடுத்த படுக்கையில் நொச்சிக்குப்பத்துக்காரம்மா ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் போர்ட் பிளேரில் ரோடு போடுகிற வேலையில் இருந்தான். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

கடைசியில் அம்மாவிடமே கேட்டுவிட்டாள். "இன்னாம்மா, ஊட்டுக்காரர் மேல கோவமா?"

அம்மா சிரித்து மழுப்பினாள்.

"ஊர்ல கோவிச்சிக்கினா ஆத்தா ஊட்டுக்குப் போலாம். கப்பல்ல கோவிச்சிக்கினு எங்க போவே? இந்தக் கொயந்த காலு தேஞ்சிடும் போல கீதே!"

அம்மா என் காலைப் பார்த்தாள். 

மறுநாள் காலை சங்கு ஊதி எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார்கள். ஆபத்து வந்தால் என்ன செய்யவேண்டும் என்று பழக்குவதற்காக. ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். காக்கித் துணிக்குள் தக்கைக் கட்டைகள் வைத்துத் தைத்தது. நாடாவை முதுகுப் பக்கம் இன்னொருவர்தான் கட்டிவிடவேண்டும். வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர், "குடும்பத்துல ஒருத்தருக்கொருத்தர் கட்டிவிடுங்க" என்று இங்கிலீஷிலும் இந்தியிலும் அரைகுறைத் தமிழிலும் சொல்லிக்கொண்டு போனார்.

அப்பா எனக்குக் கட்டிவிட்டார். நான் அம்மாவுக்குக் கட்டினேன். பிறகு அப்பாவுக்குக் கட்டப் போனேன், ஆனால் அவர் உயரத்துக்கு எனக்கு எட்டவில்லை. அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். மற்றக் குடும்பங்களில் புருஷன் பெண்டாட்டிக்கும் பெண்டாட்டி புருஷனுக்கும் கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வந்த அதிகாரி அப்பாவுக்கு நான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார். கையோடு அவிழ்ந்து வந்தது. அம்மாவைப் பார்த்து, "மேடம், நீங்க கட்டுங்க" என்றார்.

அம்மா கட்டினாள். பின்னாலிருந்து, முகம் பார்க்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி இறுக்கி இரட்டை முடிச்சு. அப்பாவுக்கு மூச்சு முட்டியிருக்கவேண்டும். "இறுக்கமா இருக்குன்னு சொல்லு" என்று அவர் என்னிடம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் சட்டையைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அதைப் போட்டுக்கொண்டே நின்றார்.

அன்று மத்தியானம் பறக்கும் மீன்களைப் பார்த்தேன். கப்பலின் பக்கவாட்டில் ஒரு கூட்டம் சட்டென்று எழும்பி, வெள்ளிக் கரண்டிகளை வீசியெறிந்த மாதிரி தண்ணீர்மேல் பறந்து போய் விழுந்தது. அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவைக் கூப்பிடு, ஓடு!" என்றார். நான் ஓடினேன். அம்மா மேலே வருவதற்குள் மீன்கள் இல்லை. அரை மணி நேரம் நின்று பார்த்தாள். அப்பா பத்தடி தள்ளி நின்று, அவளுக்காக, கடல் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கடல் கெட்டது. காற்று தெற்கிலிருந்து வந்தது. கப்பல் முன்னும் பின்னுமாகத் தூக்கிப் போட்டது. நான் அப்பாவுக்கு ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போனேன். இரண்டாவது ஏணியின் நடுவில் தலை சுற்றியது. பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தேன். அதற்கப்புறம் வாந்தி. நிற்கவே இல்லை. காலையில் சாப்பிட்டது, நேற்றுச் சாப்பிட்டது, கடைசியில் வெறும் பித்தம்.

அந்தப் பக்கமாகப் போன நொச்சிக்குப்பத்து அம்மாதான் என்னைத் தூக்கினாள். படியின் மேலே நின்று ஆண்கள் கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், பாப்பாவோட அப்பா! இங்க வாய்யா!" பிறகு கீழே பார்த்து, "யம்மா, மேல ஓடியா! கொயந்த சுருண்டு பூட்டா!"

இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"என்னாச்சு? என்ன குடுத்தே இவளுக்கு?" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து.

"ஒண்ணும் குடுக்கல. உங்களுக்குத்தான் ஊறுகாய் கொண்டு வந்தா. டாக்டர் எங்க இருக்கார்? போய்க் கூட்டிட்டு வாங்க."

"நீ தலையைப் பிடிச்சுக்கோ."

"பிடிச்சுக்கிட்டுதானே இருக்கேன். நீங்க ஓடுங்க!"

எனக்கு உலகமே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனாலும் காதில் விழுந்தது. மூன்று மாதத்துக்கு அப்புறம் அவர்கள் நேராகப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இருவருக்கும் அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். கீழே அடைசலில் படுக்கவிடாமல் காற்றாட வைத்திருக்கச் சொன்னார். மேல்தளத்தில் புகைபோக்கிக்குப் பின்னால் நிழலான இடத்தில் போர்வை விரித்தார்கள். என் தலை அம்மா மடியில், கால் அப்பா மடியில். கண்ணை மூடியிருந்தேன். தூக்கம் வரவில்லை, ஆனால் கண்ணைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.

 பிறகு அம்மா சொன்னாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான்."

"சொல்லவாவது விட்டிருக்கலாம் இல்லங்க? வேணாம்னு சொல்ல ஒரு வாய்ப்புகூட இல்லாம, எல்லாம் முடிஞ்ச அப்புறம் தபால்காரர் வந்து சொல்ற மாதிரி ஆச்சு."

அப்பா என் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. "தப்புதான்" என்றார். "சொந்தமா ஒரு வீடு வரையணும்னு ஆசை. இத்தனை வருஷம் அடுத்தவனுக்கே வரைஞ்சாச்சு. கிடைக்காமப் போனா உன்கிட்ட சொல்லி ஏமாத்தின மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். கிடைச்சதும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். அழுதாளா, காற்றில் கண் எரிந்ததா தெரியாது.

"வரைஞ்சுட்டீங்களா?"

"என்னத்தை?"

"வீட்டைத்தான்."

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அதைக் கப்பல் வரைக்கும் கொண்டு வந்திருக்கிறார்! காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க அதை என் வயிற்றின்மேல் விரித்து, இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"சமையல்கட்டு எது?"

"இது."

"இந்தக் கோடு?"

"ஜன்னல்."

"அங்க நின்னா என்ன தெரியும்?"

"பக்கத்து மனைச் சுவரு."

"அப்ப எதுக்கு அது? கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கே. இந்தப் பக்கம். ஆனா அங்க ஸ்டோர் ரூம் வச்சிருக்கேனே."

"அரிசி மூட்டை கடலைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

அப்பா சிரித்துவிட்டார். சத்தமாக. என் வயிறு குலுங்கியது, அது அவர் சிரிப்பா என் சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா என் காதைத் திருகினாள். "முழிச்சுக்கிட்டுதான் இருக்கியா, கள்ளி?"

நாலாம் நாள் காலையில் தண்ணீர் அடங்கிக் கண்ணாடி மாதிரி கிடந்தது. பச்சை மலைகள் நேராகக் கடலிலிருந்து முளைத்து நின்றன. நொச்சிக்குப்பத்து அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு, பழைய புடவையை மாற்றிப் புதுசு கட்டிக்கொண்டு, கம்பியோரம் நின்றாள். கரையில் அவள் புருஷன் நிற்கிறானா என்று அப்பாவும் அம்மாவும் அவளோடு சேர்ந்து தேடினார்கள். அவன் நின்றிருந்தான். ஒல்லியாக, நீலச் சட்டையில், இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு. அவள் எங்களிடம் விடைபெறக்கூட மறந்துபோய் இறங்கி ஓடினாள்.

போர்ட் பிளேரில் ஒன்பது நாள் இருந்தோம். அம்மா முழங்கால் வரை கடலில் இறங்கினாள். சாந்தோமில் பிறந்தவள், அத்தனை வருஷம் கடற்கரையில் கால் நனைத்ததோடு சரி. அங்கே தண்ணீருக்கு அடியில் விரல்கள் தெரிந்தன. "இங்க பாருங்க, மீன் என் காலைக் கடிக்குது!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். நேராக அவரையே கூப்பிட்டாள். நான் கரையில் உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மனையைப் பார்க்கப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி நிஜமாகவே மணலில்தான் நடந்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாதி எழும்பிய வீடுகள். நான்கு மூலையிலும் கல் நட்டிருந்த ஒரு இடத்தில் அப்பா நின்றார்.

"இதுவா?" என்றாள் அம்மா.

"இதுதான்."

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு அடி எண்ணி நடந்தாள். புடவை முந்தானை காற்றில் படபடத்தது. கிழக்கு ஓரத்தில் போய் நின்று, அடுப்புக்கு முன்னால் நிற்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தூரத்தில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

"தண்ணி உப்பு கரிக்கும்" என்றாள்.

"கரிக்கும்."

"பூசைக்கு?"

"வேளாங்கண்ணி மாதா கோயில் அதோ, நடக்கிற தூரம்தான்."

அம்மா அந்தத் திசையில் பார்த்தாள்.  பையிலிருந்து தூக்குப் பாத்திரத்தை எடுத்தாள். "இங்க எது ஹால்?" என்று கேட்டாள்.

அப்பா குதிகாலால் மணலில் ஒரு பெரிய சதுரம் போட்டார். மூன்று பேரும் அதற்குள் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். சோற்றில் மணல் விழாமல் இருக்கக் காற்று வருகிற பக்கம் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.