பங்களாவைக் காலி செய்த துணைவேந்தர்

என் மனைவியைத் துணைவேந்தராக நியமித்த செய்தி வந்தபோது, நான் கடையில் ஒரு பெரியவரின் மூக்குக் கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். போனில் அவள் குரல் கம்மியிருந்தது.

"ஏங்க, என் மேலயே போட்டுட்டாங்க."

யாரோ வழக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். "வக்கீலைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில்தான் விஷயம் புரிந்தது.

அவள் புள்ளியியல் பேராசிரியை. பாடம் நடத்துவாள், விடைத்தாள் திருத்துவாள், வீட்டுக்கு வருவாள். பெரிய பதவிக்கு ஆசைப்பட்டவள் இல்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேரைக் கேட்டு, இரண்டு பேரும் நழுவிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஏன் நழுவினார்கள் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. பதவியேற்றபோது போட்ட மாலைகூட வாடவில்லை, அதற்குள் அரசு மானியத்தில் கால்பங்கைக் குறைத்துவிட்டது. கட்டணத்தை ஏற்ற வழியில்லை. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அன்றன்று உழைத்தால்தான் அடுப்பு எரியும். சாலையோர நிலத்தை ஒரு வணிக வளாகத்துக்கு விற்றுவிடலாம் என்று மேலிடத்தில் யோசனை சொன்னார்கள். "வித்தது திரும்பி வராது சார்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துப் பெண்கள் விடுதியில் தூண்கள் விரிசல் விட்டன. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்தார், அவர் முகம் மாறியது. ஒரு பக்கம் முழுவதையும் உடனே காலி செய்யச் சொல்லிவிட்டார். ஐம்பது பெண்கள் பெட்டியும் தலையணையுமாக உடற்பயிற்சிக் கூடத்தில் படுத்தார்கள்.

நாங்கள் அப்போதுதான் துணைவேந்தர் பங்களாவுக்குக் குடிவந்திருந்தோம். எட்டு அறை, இரண்டு கூடம், முன்னால் புல்வெளி. நாங்களோ மூன்றே பேர்: அவள், நான், எங்களோடு இருக்கும் என் அக்கா. ஒரு அறையிலிருந்து கூப்பிட்டால் இன்னொரு அறைக்குக் கேட்காது. அக்கா தானே துணி எடுத்து, தானே தைத்து, எல்லா ஜன்னலுக்கும் திரை மாட்டியிருந்தாள்.

அன்று சாப்பிடும்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, நாம பழைய வீட்டுக்கே போயிடலாமா?"

"ஏன், இங்க பேய் கீய் இருக்கா?"

"அந்தப் பொண்ணுங்களை இங்க கொண்டு வந்துடலாம்னு பாக்கறேன்."

அக்கா கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "திரை மாட்டின கை வலி இன்னும் போகலை. இதை நேத்தே சொல்லியிருந்தா அவ்வளவு தையலும் மிச்சமாயிருக்கும்ல?" பொரிந்து தள்ளிவிட்டுக் கரண்டியைத் திரும்ப எடுத்தாள். அப்புறம் கேட்டாள்: "பொம்பளப் பிள்ளைங்கதானே? அப்ப திரையைக் கழட்ட வேணாம். இருக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் எங்கள் பழைய இரண்டு அறை வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை; கடைக்குப் பக்கம். அவளுக்குத்தான் தினமும் பஸ் பிடிக்கிற வேலை. கார் ஓட்டுநரை விடுதி வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

ஆனால் இதனாலெல்லாம் யாரும் அவளை நம்பிவிடவில்லை. ஒப்பந்த ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கூட்டிப் பெருக்குகிறவர்கள், ஆய்வக உதவியாளர்கள், காவலர்கள் எல்லோரும் கலங்கிப்போனார்கள். ஆசிரியர் சங்கத் தலைவர் நிர்வாகக் கட்டடத்து வாசலில் கூட்டத்தைக் கூட்டினார். பொருளாதாரப் பேராசிரியர், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். அதனாலேயே எல்லோரும் அவரை 'மைக்' என்றார்கள். பங்களாவைக் கொடுத்ததே கண்துடைப்பு என்று அவர் முழங்கினார்.

அவள் இறங்கி வந்து படியில் நின்றாள்.

"யாரையும் அனுப்ப மாட்டேன் சார். ஆனா ஓய்வு பெறுறவங்க இடத்துக்கு இப்போதைக்குப் புது ஆள் போட முடியாது."

"இதை எப்படி நம்புறது மேடம்?"

"நம்ப வேணாம். நிதிக் குழுவுல வந்து உக்காருங்க. எல்லாத்தையும் உங்க கண்ணாலயே பாருங்க. வெளியே நின்னு கத்துறதை உள்ளே உக்காந்து கத்துங்க."

கூட்டம் சிரித்துவிட்டது. மைக்குக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் வந்து உட்கார்ந்தார். சொன்னபடி கத்தவும் செய்தார்.

கத்திக் கத்தி அவர்தான் வழியையும் கண்டுபிடித்தார். மதியத்துக்கு மேல் பாதி வகுப்பறைகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் எல்லாக் கட்டடத்துக்கும் மின்சாரம், பராமரிப்பு என்று செலவு ஆகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற மூன்று கட்டடங்களைப் பூட்டிவிட்டு, மிச்சமாவதை வைத்து மற்றவற்றைச் சரிசெய்து, எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தால் ஆளை அனுப்ப வேண்டியதில்லை என்றார். சொல்வது சுலபம். எங்கள் துறை அறையை இன்னொரு துறைக்குக் கொடுப்பதா என்று ஒவ்வொருவரும் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வேதியியல் துறைத் தலைவர் மட்டும் ஒரு கூடத்தைக் காட்டவே மறுத்தார். உள்ளே முக்கியமான கருவிகள் இருக்கின்றனவாம். என் மனைவியும் மைக்கும் சேர்ந்து போனார்கள். திறந்து பார்த்தால் கால் உடைந்த நாற்காலிகள், தூசி, ஓரத்தில் ஒரு கேரம் போர்டு.

"சார், கருவி ரொம்ப முக்கியமானதுதான்" என்றார் மைக்.

வேதியியல்காரர் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். அந்தக் கூடத்தில்தான் இப்போது தமிழ்த்துறையும் வரலாறும் மாறி மாறி வகுப்பு நடத்துகின்றன. நாற்காலிகளைக் கட்டடப் பொறியியல் மாணவர்கள் பழுது பார்த்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆசிரியர்களே நின்றார்கள். ஒரு சனிக்கிழமை நானும் போய் அடித்தேன். என் சட்டையைப் பார்த்துவிட்டு அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். மாலையில் கட்டடங்களைத் திறந்து வைக்கிற செலவு தாங்காமல் மாலைநேர வகுப்புகளை நிறுத்த வேண்டி வந்தது. பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து படித்தவர்கள் அவர்கள். துணிக்கடையில் வேலை செய்த ஒரு பெண் என் மனைவியின் அறைக்கே வந்து, "உங்களுக்கு எங்களைத்தான் வெட்டத் தோணுச்சா மேடம்?" என்று கேட்டாள். அன்று இரவு என் மனைவி வகுப்பு அட்டவணையையும் கணக்கையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு வார இறுதி வகுப்புகளாக அதைத் திரும்ப ஆரம்பித்தாள். பலர் வந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை. அவள் பேச்சு வந்தால் இப்போதும் என் மனைவியின் முகம் வாடிவிடும்.

விடுதித் தூண்களைப் பலப்படுத்தி முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பழைய மாணவர்கள் சிலர் கை கொடுத்தார்கள். பெண்கள் பங்களாவை விட்டுக் கிளம்பும் நாளில், திரை தைத்தவள் என்று அக்காவுக்கு அழைப்பு வந்தது. அவர்கள் அவளைச் சுற்றி நின்று, தங்களுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினார்கள். அக்கா வீட்டுக்கு வந்து, "ஒண்ணுக்குக்கூட ராகம் நிக்கலை" என்றாள். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பங்களா இப்போது முதல் வருஷப் பெண்களுக்கான விடுதி.

என் மனைவி பதவியில் இருந்த கடைசி வருஷம், அரசு மானியத்தைக் கொஞ்சம் உயர்த்தியது. அவள் முதலில் செய்தது, காலியாகக் கிடந்த ஆய்வக உதவியாளர் இடங்களை நிரப்பியதுதான். ஒப்பந்தத்தில் இருந்தவர்களையே நிரந்தரமாக்கினாள். அவளுடைய பதவிக்காலம் முடிந்தபோது சின்னதாக ஒரு பிரிவுபசாரம் நடத்தினார்கள். மைக் பேச எழுந்தார். ஒலிவாங்கியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"இந்தம்மாவோட நான் சண்டை போடாத வாரமே கிடையாது. ஒரு தடவைகூட என்னை வெளியே போன்னு சொல்லலை" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவியும் நீளமாகப் பேசவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சும் எனக்கு நீங்க எல்லாம் இடம் விட்டீங்க. சாவியை நீட்டினீங்க, தூசியில நின்னீங்க. இதுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?" என்றாள். காவலர் ஒருவர் முதலில் கை தட்டினார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அவள் மடியில் யாரோ கொடுத்த பூச்செடித் தொட்டி. "ஏங்க, கொடுத்து வச்சவ நான்" என்றாள். நான்தான் கொடுத்து வைத்தவன் என்று சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறியும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் காபியோடு கதவருகே போனபோது அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், எழுப்பாதே. இத்தனை வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குறா."

அந்தக் காபியை நானே குடித்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு கடை திறக்கப் போனேன்.