பருமனுக்கு ஒரு திருவிழா

தொண்ணூற்றெட்டில், அமெரிக்காவின் டெக்சாஸில், காப்பெல் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன என் அறைத்தோழன் துணைக்கு என்னையும் அழைத்துப் போனான். அவன் நல்ல பருமன். அங்கே யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெண் அவனிடம் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மறுபடி பஜ்ஜித் தட்டை நீட்டியதும் அவன் தயங்கினான். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, நேத்து டிவில பார்த்தேன். எத்தியோப்பியால ஒரு பழங்குடி. ஆம்பளைங்க மாசக்கணக்கா குடிசையிலயே உக்காந்து பாலும் மாட்டு ரத்தமும் குடிச்சு உடம்பை ஏத்துறாங்க. திருவிழா அன்னிக்கு யாருக்குப் பெரிய தொப்பையோ அவர்தான் ஹீரோ!"

"ரத்தமா? சிவ சிவா!" என்றார் ஆன்ட்டி.

பெண்ணின் அப்பா சிரித்தார். "அப்ப தம்பிய அங்கயே அனுப்பி வைக்கலாம்."

பெண் சிரிக்கவில்லை. ஆனால் அவள் பார்வை முதன்முறையாக அவன் வயிற்றுக்கு இறங்கியது.

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில், மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்காகத்தான் பேசினே, தெரியும்டா. ஆனா நீ வாயைத் திறக்கிற வரைக்கும் அவ என் முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தா."

நாங்கள் குடியிருந்த ரவுண்ட் ராக் போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அவன் பக்கம் திரும்பவே இல்லை.