சிவப்பு அட்டைக் குட்டிகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவளுக்குக் கூண்டக்கா என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டால் எலிகள்தான் வைத்தன என்பாள். பன்னிரண்டு வருடமாகக் கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தண்ணீர்ப் புட்டி நிரப்புகிறாள். ஓர் எலி நடக்கிற நடையைப் பார்த்தே அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவாள். படித்தவர்களுக்கு அது மறுநாள்தான் தெரியவரும்.

அந்த வருடம் கூடத்தை நடத்தும் டாக்டரம்மா எடுத்த ஆராய்ச்சி கூண்டக்காவின் சொந்தக் கதை மாதிரியே இருந்தது. சினை எலிகளில் பாதிக்கு வாயில் வலிப்பு மருந்து, மீதிக்கு வெறும் தண்ணீர். குட்டிகள் வளர்ந்ததும் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும். மருந்து குடித்த தாய்களின் கூண்டுக்குச் சிவப்பு அட்டை. கூண்டக்காவும் மகளைச் சுமந்தபோது அதே மாதிரி மருந்தைத்தான் விழுங்கினாள். விழுங்காவிட்டால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கும். மகளுக்கு இப்போது எட்டு வயது. இன்றைக்குப் பொத்தான் போடக் கற்றுக்கொண்டால் நாளைக்கு மறந்துவிடுவாள். பிள்ளையைக் கெடுத்தவள் தானே என்று தாய் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். இனி மகளின் நிலை மாறுமா, இல்லை அவ்வளவுதானா? இந்த ஒன்று தெரிந்தால் போதும் அவளுக்கு.

பரீட்சை இதுதான். வட்டத் தொட்டியில் கலங்கிய தண்ணீர், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடை. குட்டி நீந்தி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஈத்தில் பிறந்தவற்றில், வெறும் தண்ணீர் குடித்த தாய்களின் குட்டிகள் மூன்றாம் நாளே நேராகப் போய் ஏறின. சிவப்பு அட்டைக் குட்டிகள் ஒரு வாரம் ஆகியும் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வந்தன. துண்டோடு நின்ற கூண்டக்கா அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் துவட்டினாள்.

அடுத்த ஈத்தில்தான் அவள் தப்பு செய்தாள். மரத்தூள் மாற்றும்போது எல்லாக் குட்டிகளையும் தட்டில் வைத்து, உடனே தாயிடம் விட வேண்டும். இரு கூட்டத்துக்கும் ஒரே கவனிப்பு என்பதுதான் அங்கே சட்டம். ஆனால் சிவப்பு அட்டைக் குட்டிகளை மட்டும் தினமும் ஐந்து நிமிடம் உள்ளங்கையில் வைத்து விரலால் நீவிக்கொண்டிருந்தாள். தப்பு என்று புத்திக்குத் தெரியும், கைதான் கேட்கவில்லை.

அவை வளர்ந்து தொட்டிக்கு வந்தன. நான்காம் நாள் ஒரு குட்டி அரை வட்டம் நீந்தியது, நின்றது, மூக்கைத் தூக்கிப் பார்த்தது. பிறகு திரும்பி, கோடு போட்டதுபோல நேராகப் போய் மேடையில் ஏறியது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. கூண்டக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேர்க்கடலை அளவு மூளை, அதுவும் மருந்தில் ஊறியது. அதற்குள் இத்தனை பெரிய தொட்டி எப்படிப் போய் உட்கார்ந்தது? துவட்டவும் மறந்து வாய் பிளந்து நின்றாள்.

டாக்டரம்மா மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சந்தேகப்பட்டு, இந்த ஈத்தின் கணக்கையே தள்ளிவிடப் போனார். கூண்டக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் கண்ணால் கண்டதும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடுமே.

"மருந்துல கோளாறு இல்லம்மா. சிவப்பு அட்டைக் குட்டிங்கள மட்டும் நான் தெனமும் கையில வெச்சிருந்தேன்."

டாக்டரம்மா எந்த நாளிலிருந்து, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"செஞ்சது தப்புதான் அக்கா. ஆனா உங்க கைதான் காரணம்னு இத வெச்சு சொல்லிட முடியாது. திரும்பச் செய்யணும். சிவப்பு அட்டையில பாதிக் கூண்டுக் குட்டிங்கள மட்டும் கையில வெச்சுக்கோங்க. மீதிய வெச்சுக்கவே கூடாது. அப்பதான் தெரியும்."

எந்தப் பாதி என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள்.

புது ஈத்து வந்தது. சீட்டில் விடுபட்ட, கையில் வைத்துக்கொள்ளக் கூடாத கூண்டுகளுக்கு மரத்தூள் மாற்றும் முறை வந்தபோது, கண் திறக்காத குட்டிகளைத் தட்டில் வைத்தாள். ஒன்று அவள் விரல் சூட்டைத் தேடி மூக்கை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தது.

"மன்னிச்சுக்கடா. எம் பொண்ணுக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.